முதற் சோற்றுக்கு நாள் பார்த்தவர்கள்

ஆறு கிலோ இருநூறு கிராம். கிளினிக் தராசின் முள் நின்ற இடத்தை நானே குனிந்து பார்த்தேன். நேராகப் பார்க்காமல் சரிவாகப் பார்த்தால் எந்த அளவும் கூடக்குறையத் தெரியும். இது தொழிலில் படித்தது. குளத்துத் துருசில், அதாவது மதகில், நட்டிருக்கும் அளவுகோலை இருபத்திரண்டு வருடங்களாகக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்த்து எழுதுகிறவன் நான். நீர்மட்டம் இறங்கியிருந்தால் ஏன் இறங்கியது என்று பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். வாய்க்காலுக்குத் திறந்தது இவ்வளவு, வெயில் குடித்தது இவ்வளவு. காரணம் இல்லாமல் தண்ணீர் இறங்காது. பிள்ளையின் நிறையும் இறங்காது.

பிள்ளை என் தங்கையின் மகள். அன்று அவளுக்கு எட்டு மாதமும் இரண்டு நாளும். ஆறாம் மாத முடிவில் ஆறரைக் கிலோ இருந்தவள், ஏழாம் மாதம் நூறு கிராம் குறைந்து, எட்டாம் மாதம் இன்னும் இருநூறு கிராம் குறைந்திருந்தாள். கிளினிக் கொப்பியில் அந்த மூன்று புள்ளிகளையும் சேர்த்த கோடு பச்சைப் பட்டியை விட்டு இறங்கிச் செம்மஞ்சள் பட்டிக்குள் போயிருந்தது.

தங்கை முரசுமோட்டையில் கணவன் வீட்டில் இருக்கிறாள். கணவன் கட்டாரில் வேலை. வீட்டை நடத்துகிறவர் அவனுடைய மூத்த சகோதரி. தங்கைக்கும் எனக்கும் அவர் மச்சாள். என்னிலும் எட்டு வயது கூட. ஏழாம் மாதக் கிளினிக்குக்குத் தங்கை தனியாக பஸ்ஸில் போய் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். இந்த மாதம் எனக்குப் போன் எடுத்து, "அண்ணை, நீங்கள் ஒருக்கா வாங்கோ. நான் சொன்னா ஒருத்தரும் கேக்கினமில்லை. கிளினிக் மிஸ் சொல்லுறதை நீங்கள் உங்கட காதால கேளுங்கோ" என்றாள். அதனால்தான் மோட்டார் சைக்கிளில் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

வரிசையில் இருபது தாய்மார் இருந்திருப்பார்கள். ஆண் என்று நான் ஒருவன். "தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர். அவரையும் சேத்து நிறுங்கோ, நிறை கூடட்டும்" என்று முன்னால் இருந்த ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். பிள்ளையைத் தராசில் தொங்கவிட்ட பிறகு அவள் சிரிக்கவில்லை.

குடும்பநல உத்தியோகத்தர் கொப்பியைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். "இது உம்மட பிள்ளைதானே? பக்கத்து வீட்டுப் பிள்ளை இல்லையே?"

"என்ரைதான், மிஸ்."

"என்ன குடுக்கிறீர்?"

"தாய்ப்பால். பின்னேரத்தில பால்மாவும்."

"சோறு?"

தங்கை என்னைப் பார்த்தாள். "இன்னும் தீத்தேல்லை, மிஸ்."

"எட்டு மாதம்! ஆறு மாதம் முடிய அடுத்த நாளே துவங்கச் சொல்லி இதில எழுதித் தந்தனான். வாசிக்கத் தெரியாதே உமக்கு?"

"தெரியும், மிஸ்."

"தெரிஞ்சுகொண்டு பட்டினி போடுறீரோ? நீர் மூண்டு நேரமும் சாப்பிடுறீர்தானே?"

என் தங்கை உயர்தரம் படித்தவள். அந்தக் கொப்பியில் எந்த மாதம் எந்த உணவு என்று அச்சடித்திருக்கும் பக்கத்தை அவள் எனக்கு மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறாள். குழையவிட்ட சோறு, பிறகு பருப்பு, பூசணி, பிறகு மீன், முட்டை மஞ்சட்கரு. இருபது பேருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளைக்குச் சட்டை போட்டாள். நான் பின்னால் நின்றேன். கொப்பியின் குறிப்புக் கட்டத்தில் உத்தியோகத்தர் எழுதியதைத் தோளுக்கு மேலால் பார்த்தேன். "தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது."

பிள்ளைக்கு முதன்முதலாகச் சோறு ஊட்டுவதை எங்கள் பக்கத்தில் சோறு தீத்துதல் என்போம். நல்ல நாள் பார்த்து, கோயிலில் பொங்கி, ஐயர் பூசை செய்து, தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துத் தீத்த வேண்டும். அதுவரை பிள்ளையின் வாயில் ஒரு பருக்கையும் படக்கூடாது என்பது மச்சாளின் சட்டம். பால்மாவுக்குத் தடையில்லை, அது சாப்பாட்டில் சேராதாம். அதுவும் தடிப்பாகக் கரைத்தால் மந்தம் என்று ஒன்றுக்கு இரண்டாகத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொடுத்தார். கோயிலில் சோறு தீத்தும் நாள் மூன்று முறை தள்ளிப்போயிருந்தது. பிள்ளை இரண்டு மாதமாக வெள்ளைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கையை வீட்டில் இறக்கிவிட்டு உடனே உள்ளே போய்க் கத்தியிருக்கலாம். எனக்கு அப்படிக் கத்த வராது. கத்துவதற்கும் எனக்கு ஆதாரம் வேண்டும். குளத்தடியில் இருக்கும் என் குவார்ட்டர்சுக்குப் போய் நீர்மட்டத்தோடு அன்றாடம் நடந்ததையும் எழுதிவைக்கும் என் இந்த வருடக் கொப்பியை எடுத்தேன். எந்தத் தேதியில் யார் என்ன சொல்லித் தள்ளிப்போட்டார்கள் என்று ஒரு தாளில் இறக்கிக்கொண்டு போய் மச்சாளின் முன்னால் வாசிப்பதுதான் யோசனை.

முதல் நாள் வைகாசிக் கடைசியில். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்து ஐந்தாம் நாள். அதற்கு நான்கு நாள் முந்தி, உடையார்கட்டில் இருந்த கணவனின் சித்தப்பா ஒருவர் காலமானார். பிள்ளை அவரைக் கண்டதில்லை. அவரும் பிள்ளையைக் கண்டதில்லை. ஆனால் ஒரே வம்சம், முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கு, கோயில் வாசலை மிதிக்க முடியாது. கோயில் இல்லையென்றால் சோறு இல்லை. என் கையெழுத்தில் எழுதியிருந்தது: "சோறு தீத்தல் தள்ளிப்போகிறது. சரிதான்."

சரிதான் என்று எழுதியிருந்தேன். அதை இரண்டு முறை வாசித்தேன்.

இரண்டாவது நாள் துடக்குக் கழிந்து ஆனியில் ஒரு வியாழக்கிழமை. அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது மச்சாள் என்ன சாட்டுச் சொன்னார் என்று எனக்கு நினைவு வரவில்லை. வராததற்குக் காரணம், அன்று சாட்டுச் சொன்னது மச்சாள் இல்லை. "வியாழன் மேலதிகாரிகள் குளம் பார்க்க வருகிறார்கள். சோறு தீத்தலை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லித் தங்கைக்கு அறிவித்தேன்." தாய்மாமன் இல்லாமல் தீத்த முடியாது. தாய்மாமனுக்கு வேலை. அடுத்த பக்கம்: "இன்று வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. துருசுக் கதவுக்குக் கிறீஸ் பூசினேன்."

ஒரு கிழமைதானே என்று அப்போது நினைத்திருப்பேன். அந்த ஒரு கிழமைக்குள் நல்ல நாள் கிடைக்கவில்லை. பிறகு ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எங்கள் ஆட்கள் நல்ல காரியம் செய்யமாட்டார்கள். அது தெரிந்ததும் கட்டாரில் இருந்து கணவன், "எப்பிடியும் ஆவணிக்குத்தானே போகுது, அப்ப நானும் லீவில வாறன், படமெல்லாம் எடுத்து வடிவாச் செய்வம்" என்று சொல்ல, மூன்றாவது நாள் ஆவணிக்குப் போயிற்று.

ஆடிப்பிறப்பன்று மச்சாள் வீட்டில் கூழ். அந்தப் பக்கமும் இருந்தது. "கூழ் நன்று. தேங்காய்ச் சொட்டுத் தாராளம். நான் மூன்று முறை வாங்கிக் குடித்தேன்." எழுதாதது எனக்கு நன்றாக நினைவில் இருந்தது. பலா இலையைக் கோலிக் கூழை அள்ளி நான் வாய்க்குக் கொண்டுபோகும்போது, தங்கையின் இடுப்பில் இருந்த பிள்ளை எட்டி என் கையைப் பிடித்தாள். இலையின் ஓரத்தை வாய்க்கு இழுத்தாள். "பாருங்கோவன் கள்ளியை!" என்று மச்சாள் சிரித்தார். நானும் சிரித்து, விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டேன். ஏழரை மாதப் பிள்ளையின் பசியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, கூழ் நன்று என்று எழுதியிருக்கிறேன்.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அதில் என் வரியையும் எழுதியிருந்தேன். கோபம் இறங்கவில்லை. இப்போது அதை வைக்க இன்னோர் இடமும் கிடைத்திருந்தது.

இரண்டே முக்காலுக்கு முரசுமோட்டை வீட்டுக்குப் போனேன். மச்சாள் விறாந்தையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். தங்கை பிள்ளையோடு உள்ளே இருந்தாள்.

"மச்சாள், பிள்ளைக்கு இண்டைக்குச் சோறு தீத்தோணும்" என்றேன்.

"ஆவணி பிறந்த கையோட தீத்தலாம், தம்பி. இருங்கோ, தேத்தண்ணி போடச் சொல்லுறன்."

"தேத்தண்ணி வேண்டாம். இண்டைக்கு."

அவர் இலையில் இருந்து கண்ணை எடுத்தார். "இண்டைக்கு என்ன கிழமை தெரியுமோ? செவ்வாய். மாதம் ஆடி. இன்னும் கால் மணித்தியாலத்தில ராகு காலம். எதிரிக்குக்கூட இப்பிடி நாள் பாக்கமாட்டினம்."

"பிள்ளை முந்நூறு கிராம் வத்திப்போச்சு."

"பல்லு முளைக்கிற நேரம் வத்தும்தான். உங்கட தங்கச்சிக்குப் பால் காணாது. பால் சுரக்கச் சரக்குக்கறி வைச்சுக் குடுத்தா மூக்கைப் பொத்துறா. தாய் சாப்பிட்டாத்தானே பிள்ளைக்குப் பால் வரும்."

கிளினிக்கில் தாய் சாப்பிடுவது குற்றம். இங்கே தாய் சாப்பிடாதது குற்றம். சட்டைப் பையில் இருந்த தாளை எடுத்து வாசித்தேன். சித்தப்பாவின் துடக்கு, என் வேலை, ஆடி, லீவு, எல்லாம் தேதியோடு. மச்சாள் பொறுமையாகக் கேட்டார். "பாத்தீங்களே, ஒண்டை நீங்களும் தள்ளினீங்கள்தானே" என்றார்.

"ஓம், தள்ளினனான். அதுதான் வந்து நிக்கிறன்."

அவர் போனை எடுத்துக் கட்டாரில் இருந்த தன் தம்பிக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். தீர்ப்பு அங்கிருந்து வரட்டும் என்று நினைத்திருப்பார். திரையில் கணவனின் முகம் வந்தது. அவனுக்கு அங்கே மத்தியானம். வாய் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன மச்சான், வெள்ளனவே வந்திட்டியள்?"

"என்ன சாப்பாடு?" என்று கேட்டேன்.

"புரியாணி, மச்சான். இண்டைக்குக் கோழி."

"உன்ர மகளுக்குச் சோறு குடுக்கோணும் எண்டு கேக்க வந்தனான்."

மென்றது நின்றது. "இன்னும் ரெண்டு கிழமைதானே, மச்சான். டிக்கெட் போட்டிட்டன். அவளின்ர முதல் சோத்தை நான் என்ர கண்ணால பாக்கோணும்."

"நீ ரெண்டு கிழமை சாப்பிடாம இரு. பிறகு வந்து பார்."

இணைப்பு அறுந்தது. அவன் நிறுத்தினானா, அதுவாக அறுந்ததா என்று இன்றுவரை தெரியாது.

மச்சாள் போனைக் கதிரையில் வைத்தார். இப்போது அவருடைய குரல் உயர்ந்தது. "தம்பி, எனக்கு நாலு பிள்ளையள். கடைசிக்குச் சோறு தீத்தினது எங்கை தெரியுமோ? சண்டை நேரம் பங்கருக்குள்ள. கஞ்சி. உப்புமில்லை, கோயிலுமில்லை, ஐயருமில்லை, மாமனுமில்லை. என்ர விரலில மண். அந்த விரலாலதான் தீத்தினனான். எங்கட குடும்பத்தில ஒரு பிள்ளைக்கெண்டாலும் எல்லாம் முறையா நடக்கோணும் எண்டு நினைச்சது பிழையோ?"

பிழையில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. "பங்கருக்குள்ள தீத்தேக்க நாள் பாத்தனீங்களோ, மச்சாள்?" என்று கேட்டேன். "ராகு காலமோ எண்டு பாத்தனீங்களோ? பிள்ளை அழுதது, தீத்தினனீங்கள். உங்கட மகன் இண்டைக்கு என்ர தோளுக்கு மேல வளர்ந்து நிக்கிறான். அண்டைக்கு உங்களுக்கு இருந்த புத்தி இந்தப் பிள்ளைக்கு ஏன் இல்லாமல் போச்சு?"

அவர் மறுபடி முருங்கையிலையை ஆயத் தொடங்கினார்.

இவ்வளவுக்கும் தங்கை கதவு நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக் குசினிக்குள் போனாள். பானை மூடியின் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது மத்தியானச் சோற்றில் ஒரு பிடி எடுத்துச் சுடுதண்ணீர் விட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் நசித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, பிள்ளையைப் பிடியுங்கோ."

குசினியில் இருந்த சிறிய பலகையில் குந்தி, பிள்ளையை மடியில் வைத்தேன். மாமன் மடி என்ற சடங்கு அப்படித்தான் நடந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று பத்து. ஆடி, செவ்வாய், ராகு காலம்.

முதல் கரண்டியை நாக்கால் வெளியே தள்ளினாள். இரண்டாவது கரண்டியும் நாடியில் வழிந்தது. எட்டு மாதம்வரை உறிஞ்ச மட்டும் தெரிந்த வாய்க்கு விழுங்கத் தெரியவில்லை. தங்கை மூன்றாவது கரண்டியை எடுக்கும்போது பின்னால் மச்சாளின் குரல்.

"அப்பிடியில்லை. கட்டியாக் கிடக்கு, விக்கும். இன்னும் குழைய நசி. கரண்டி வேண்டாம், விரல் நுனியால நாக்கின்ர நடுவில வை."

வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. "மத்தியானப் பருப்பைத் தொடாதை, அதில உப்பு. நாளைக்குப் பூசணிக்காய் அவிச்சு நசிச்சுக் குடு. ஒரு நாளைக்கு ஒரு சாமான்தான், அப்பதான் எது ஒத்துக்கொள்ளேல்லை எண்டு தெரியும்."

கொப்பியில் அச்சடித்ததைவிட ஒழுங்காகச் சொன்னார். என் கோபம் அந்த இடத்தில்தான் உச்சிக்கு ஏறியது. தெரியாமல் செய்தால் சொல்லிக் கொடுக்கலாம். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாலு பிள்ளைகளை எந்த விரலால் எப்படி வளர்ப்பது என்று தெரிந்த ஒரு மனுசி, இரண்டு மாதம் அந்த விரலை மடக்கி வைத்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கிறார்.

தங்கை விரலால் வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்தாள், நாக்கைச் சுழற்றினாள், விழுங்கினாள். பிறகு வாயைத் திறந்தாள். கரண்டிக் கணக்கில் பார்த்தால் நான்கு இருக்கும். ஐந்தாவதைத் தங்கை கொடுக்கவில்லை. "இண்டைக்கு இவ்வளவு காணும்" என்றாள். "ரெண்டு மாதமா நான் சோறு வடிக்கேக்க இவள் இந்தப் பலகையில இருந்து பானையையே பாத்துக்கொண்டிருப்பாள், அண்ணை."

"நீ ஒளிச்செண்டாலும் குடுத்திருக்கலாமேயடி."

"குடுத்து, பிறகு பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா? தடிமன் வந்தா? நாள் பாக்காமல் தீத்தினதாலதான் எண்டு ஆருக்குச் சொல்லுவினம்? உங்களுக்கோ?"

பிள்ளை மெலிந்தாலும் அவளைத்தான் கேட்பார்கள், தின்று காய்ச்சல் வந்தாலும் அவளைத்தான் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தொடங்கி மூன்று நேரமும் சோறு. பூசணி, பருப்பு, பிறகு முள்ளெடுத்த மீன். மச்சாள் வாசலில் நின்று நின்று ஒரு கிழமையில் உள்ளே வந்துவிட்டார். "இஞ்ச தா, நீ தீத்துற வேகத்துக்குப் பிள்ளை கிழவியாயிடும்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார் என்று தங்கை சொன்னாள். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஆவணியில் கணவன் வந்தான். கோயிலில் பொங்கினார்கள். பட்டுச் சட்டை, காப்பு, படப்பிடிப்புக்கு இரண்டு பேர். ஐயர் முன்னிலையில் என் மடியில் பிள்ளை. தகப்பன் சர்க்கரைப் பொங்கலில் ஒரு துளி எடுத்துக் கையை நீட்டமுந்தியே அவள் வாயைத் திறந்துவிட்டாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "முதல்தரமே எப்பிடி ஆ எண்டுறாள் பாருங்கோ! என்ர பிள்ளையெல்லே!" என்று அவன் பூரித்தான். முன்பே குசினியில் தீத்திவிட்டதை அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. படம் பிடிக்கிறவன் இன்னொருமுறை தீத்தச் சொன்னான். இன்னொருமுறையும் வாயைத் திறந்தாள். மச்சாள் பொங்கல் பானையைப் பார்த்தார், தங்கை தரையைப் பார்த்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றிரவு எழுதியது: "கோயிலில் சோறு தீத்தல். பொய்க்கு மடி கொடுத்தேன்."

ஒன்பதாம் மாதக் கிளினிக்குக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு கிலோ எழுநூறு. முள் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தேன், சரிதான். புள்ளி பச்சைப் பட்டியின் கீழ்க்கரையில் ஏறியிருந்தது.

"பாத்தீரே, சொன்னதைக் கேட்டு நடந்தா பிள்ளை நிமிருது" என்றார் குடும்பநல உத்தியோகத்தர். "போன மாதம் உமக்கு ஏசினதுக்குப் பலன்." தங்கை "ஓம், மிஸ்" என்றாள்.

அவர் பேனையை எடுத்துக் குறிப்புக் கட்டத்துக்குப் போனார். போன மாத வரி அப்படியே இருந்தது. "தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது." அந்த இரண்டு மாதத்துக்கு அரசாங்கக் கொப்பியில் இருக்கும் ஒரே காரணம் அதுதான். பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்வரை அந்தக் கொப்பி இருக்கும். அதைத் திறக்கிற எவருக்கும், ஒரு தாய்க்குத் தன் பிள்ளைக்குச் சோறு கொடுக்கத் தெரியவில்லை என்றுதான் தெரியும்.

"மிஸ், அந்த வரியில ஒரு திருத்தம் இருக்கு" என்றேன்.

"என்ன திருத்தம்?"

"தாய்க்கு ஆறாம் மாதத்திலேயே தெரியும். தெரியாதது தகப்பனுக்கு. தெரிஞ்சும் தடுத்தது தகப்பன்ர அக்கா. தள்ளிப்போட்டது தாய்மாமன், நான்தான். எங்கள் மூண்டு பேரையும் அதில எழுதுங்கோ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அதுக்கு இதில இடமில்லை, ஐயா" என்றார். "தாய் எண்டுதான் கட்டம் இருக்கு. அடுத்த பிள்ளையை விடுங்கோ."

தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "வாங்கோ அண்ணை, அவளுக்குப் பசிக்குது" என்றாள்.